டவுன் பஸ் போகும் தூரம்

திங்கள், கீழக்குயில்குடி

மதுரையில் பிறந்து மதுரையிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளைத் தேனிக்கும் திருச்சிக்கும் போகிற வழியில் ஜன்னலோரமாகப் பார்த்ததோடு சரி. எங்கள் வயதுப் பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப ஏதாவது ஒரு காரியம் வேண்டும். கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி, நேர்த்திக்கடன் என்றால் பஸ் காசு தானாகக் கைக்கு வரும். சும்மா ஒரு கண்மாய்க்கரையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காசு கேட்க யாருக்கும் வாய் வராது.

2021 மே 8ஆம் தேதி முதல் தமிழ்நாடு முழுவதும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வு சொல்கிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை என் தெருவிலேயே பார்க்கிறேன். பிள்ளைக்கு டியூஷன் வைத்தவர்கள் இருக்கிறார்கள், நகைச்சீட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இந்த வாரம் எழுத நினைப்பது, அதே கட்டணமில்லா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காரியமும் இல்லாமல் கிளம்புவதைப் பற்றி. கூட வருவது என் மதினி. அண்ணன் காலமான பிறகு அவர்கள் வீட்டுக்கு வெளியே அதிகம் வந்ததில்லை.

காலையில் பெரியார் பஸ் நிலையத்தில் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கினோம். கண்டக்டர் கேட்காமலே கட்டணமில்லா டிக்கெட்டைக் கொடுத்தார். காசு இல்லைதானே என்று சிலர் அதை வாங்காமலே உட்கார்ந்துகொள்கிறார்கள். வாங்க வேண்டும். எத்தனை பெண்கள் போகிறார்கள் என்ற கணக்கு அந்த டிக்கெட்டில்தான் இருக்கிறது. செக்கிங் வந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

கீழக்குயில்குடிக்கே நேராகப் போகிற பஸ்ஸும் உண்டு. நடக்க ஆசைப்பட்டுத்தான் முன்னாலேயே இறங்கினோம். தை மாதக் கடைசி என்பதால் வெயில் இன்னும் ஏறவில்லை. மெயின் ரோட்டின் இரைச்சல் சீக்கிரத்தில் அடங்கி, வேலிக்கருவைக்குள் தவிட்டுக்குருவிகளின் சத்தம் மட்டும் கேட்டது. மதினி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மண்பாதையில் நடந்தார்கள். காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

சமணர் மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் பெரிய ஆலமரமும் தாமரைக்குளமும் இருக்கின்றன. அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் வழியாக மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறைச் சரிவில் வரிசையாக எட்டுச் சமணத் திருமேனிகள் செதுக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர், கால்களில் கொடி சுற்றி நிற்பவர் பாகுபலி, முக்குடையின் கீழ் அமர்ந்திருப்பவர் மகாவீரர். அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வரிகள் இருக்கின்றன. எழுத்துகளின் வளைவுக்குள் பாறையின் கருமை சற்று வெளுத்திருப்பதால், சாய்ந்த வெயிலில் நன்றாகத் தெரிகின்றன. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்கிறார்கள் அறிஞர்கள். அவற்றில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் குணமதியார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல மலைகளில் திருமேனிகளைச் செய்வித்த அச்சணந்தி என்ற துறவியின் தாய் அவர். ஒரு தாயின் பெயரைச் சுமந்தபடி இந்தப் பாறை ஆயிரம் ஆண்டுகளாக இங்கே நிற்கிறது. இதே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பெயரை ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மதினி அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மகன் சாமியாராகப் போன பிறகு அந்த அம்மாள் இதைச் செய்யச் சொல்லியிருப்பார்களோ?" என்று கேட்டார்கள். அதற்குக் கல்வெட்டில் பதில் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

கீழே இறங்கி மலையை ஒட்டியே நடந்தால் செட்டிப்புடவு. குகையின் வெளிப்புறத்தில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் பெரிய திருமேனி அமைதியாக அமர்ந்திருக்கிறது. குனிந்து உள்ளே போனால், சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண்தெய்வம். எதிரே யானையில் வரும் எதிரி. பக்கத்திலேயே தியானத்தில் மூழ்கிய தீர்த்தங்கரர்கள். போரும் தியானமும் ஒரே பாறையில் கைகோத்து இருப்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

மதியத்துக்குள் கீழக்குயில்குடியிலிருந்தே பஸ் கிடைத்துவிட்டது.

செவ்வாய், வீட்டில்

இன்று எங்கேயும் போகவில்லை. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, எந்தப் பஸ்ஸில் கட்டணமில்லை, எப்படிப் போய்வருவது என்று இரண்டு பேர் கேட்டார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். புறநகர்ப் பஸ், எக்ஸ்பிரஸ், சொகுசுப் பஸ் எதிலும் இந்தச் சலுகை இல்லை. ஒரே ஊருக்கு இரண்டு வகை வண்டியும் போகும். ஏறுவதற்கு முன் எந்த வகை வண்டி என்று முன்கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும், சந்தேகம் இருந்தால் கேட்டுவிட வேண்டும். கூட வரும் ஆண்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை பஸ் மாறினாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றிலும் புது டிக்கெட் வாங்கினால் போதும். பள்ளி, கல்லூரி நேரத்துக் கூட்டத்தில் மாட்டாமல் அதிகாலையில் கிளம்புவது உத்தமம். எல்லாவற்றையும்விட முக்கியம், இறங்கியவுடனே டீக்கடையில் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக்கொள்வது. சின்ன ஊர்களுக்கு ஒரு நாளில் சில நடைதான் வரும். அந்த நேரங்கள் ஊர்க்காரர்கள் வாயில்தான் சரியாக இருக்கும்.

புதன், கீழடி

சிலைமானில் இறங்கிக் கீழடிக்கு நடந்தோம். அதிக தூரமில்லை. வழியெல்லாம் தென்னந்தோப்பு. மதுரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நிழல் இருக்கிறது என்பதே எனக்குப் புதிய செய்தி. அகழாய்வு நடந்ததும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் பள்ளிச்சந்தைத் திடலில்தான்.

இந்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில், இங்கே முதலில் தோண்டியது. 2018ஆம் ஆண்டில் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிமப் பொருளின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதாக 2019இல் வெளியான அறிக்கை சொன்னது. ஆள் உயரத்தைவிட இரண்டு மடங்கு ஆழம்தான் நமக்கும் அன்றைக்கு இங்கே வாழ்ந்தவர்களுக்கும் நடுவே இருக்கிறது. அந்தத் தோப்பு மண்ணின் மேல் நின்று இதை நினைத்தபோது காலை அழுத்தி வைக்கவே தயக்கமாக இருந்தது.

அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், தூண்களும் முற்றமுமாக இருக்கிறது. உறைகிணறு, பாசிமணி, சுடுமண் பகடைக்காய் என்று எல்லாமே வீட்டுப் பொருள்கள். ராஜாக்களின் வாளும் கிரீடமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு. நான் அதிக நேரம் நின்றது இரண்டு இடங்களில். ஒன்று, தமிழி எனும் தமிழ்-பிராமி எழுத்தில் ஆதன் என்ற பெயர் கீறிய பானை ஓடுகள். சாதாரணமாகச் சோறு பொங்கும் பானையில் பெயர் எழுதி வைக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இன்னொன்று, நூல் நூற்கும் தக்களிகள். நடுவில் துளையிட்ட சின்னச் சின்னச் சுடுமண் வட்டுகள். ஒன்றின் விளிம்பில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது. யாரோ ஒருவர் விரல் நுனியில் அதைச் சுழற்றிச் சுழற்றியே தேய்த்திருக்கிறார்.

மதினியின் அப்பா கைத்தறி நெய்தவர். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, பாவு எப்படி ஓட்டுவார்கள், கஞ்சி எப்படிப் போடுவார்கள் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நகராமல் கேட்டார்கள். "அப்புறம் என்ன செய்வீர்கள் பாட்டி?" என்று அவர்களில் ஒரு பிள்ளை கேட்கக் கேட்க, மதினியின் குரல் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் போன பிறகு அவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வியாழன், திருவேடகம், சோழவந்தான்

மதுரைக்கு மேற்கே வைகையை ஒட்டிப் போகிற பாதை. திருவேடகத்தில் இறங்கி ஏடகநாதரைக் கும்பிட்டோம். திருஞானசம்பந்தர் சமணர்களோடு செய்த வாதத்தில் "வாழ்க அந்தணர்" என்று தொடங்கும் பாசுரத்தை எழுதிய ஏடு, வைகை வெள்ளத்தை எதிர்த்து வந்து ஒதுங்கியது இங்கேதான் என்பது தலபுராணம். திங்கட்கிழமை அந்தத் தீர்த்தங்கரர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இந்தக் கதையைப் பழையபடி கேட்க முடியவில்லை. ஏட்டை வணங்கினேன். எதிர்க்கரையில் தோற்று நின்றவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து சோழவந்தான் வரை நடை. இந்த வாரத்தில் கண்ணுக்கு மிகவும் நிறைவான பகுதி இதுதான். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிந்த பிறகு, மேற்கே பாய வேண்டிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது. வைகையின் குறுக்கே உள்ள பேரணையில் அது பெரியாறு பிரதானக் கால்வாயில் பிரிகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கிழக்கே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். இந்த வித்தியாசத்தைப் பாடப்புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்திருக்கிறேன். நடந்து பார்க்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது. ஒரு வயலில் அறுப்பு முடிந்து தாள் நிற்கிறது, வாய்க்காலுக்கு அப்பால் நாற்று நட்ட பச்சை. கொக்கும் அரிவாள்மூக்கனும் சேற்றில் நிற்கின்றன.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால் என்கிற வெற்றிலைத் தோட்டம் ஒன்றுக்குள் அனுமதி கேட்டுப் போனோம். வெளியே வெயில், உள்ளே அகத்தி நிழலில் ஈரக்காற்று. வேலை செய்துகொண்டிருந்த பெண் ஊறவைத்த கோரையை இடுப்பில் செருகியிருந்தார். கொடியின் கணுவை அகத்தித் தண்டோடு சேர்த்துப் பிடித்து, கோரையை ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சே போடாமல் முறுக்கிச் செருகிவிட்டு அடுத்த கணுவுக்குப் போனார். கண்ணிமைக்கும் நேரம்தான். இறுக்கிக் கட்டினால் கொடி வாடிவிடும், தளர்த்திக் கட்டினால் காற்றில் இறங்கிவிடும் என்றார். "எங்கே தாயி வந்தீர்கள்?" என்று மதினியைக் கேட்டார். "சும்மா பார்க்க வந்தோம்" என்றார்கள் மதினி. "நல்லது, பாருங்கள்" என்று சொல்லிவிட்டு இரண்டு கொழுந்து வெற்றிலை கிள்ளிக் கொடுத்தார். சும்மா என்ற சொல்லை மதினி வெட்கப்படாமல் சொன்னதை நான் கவனித்தேன்.

திரும்பும்போது மனம் வருந்தும்படி ஒன்று நடந்தது. நிறுத்தத்தில் பெண்கள் மட்டுமே நின்றிருந்தோம். வண்டி எங்களைத் தாண்டிப் போய்த் தள்ளி நின்றது. ஆண்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். நாங்கள் ஓடிப்போய் ஏறுவதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள். தலையில் காய்கறிக் கூடையோடு ஓடிய ஒரு ஆத்தாள் அப்படியே நின்றுவிட்டார். காசு கொடுக்காதவர்களுக்கு நிற்க வேண்டியதில்லை என்ற எண்ணம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இது யாருடைய தயவும் இல்லை. நாங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டுகிறோம், அரசு அந்தப் பணத்திலிருந்துதான் ஈடு செய்கிறது. பெண்கள் நிற்கும் இடத்தில் வண்டி நிற்க வேண்டும். அடுத்த வண்டியின் டிரைவர் சரியாக எங்கள் முன்னால் நிறுத்தினார், கண்டக்டர் இறங்கிவந்து அந்த ஆத்தாளின் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். அவர்களைப் போன்றவர்களால்தான் இந்தத் திட்டம் நடக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

சனி, அரிட்டாபட்டி

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஏறும்போதே வெயிலுக்கு முன் மலையைத் தொட்டுவிட வேண்டும் என்று முடிவு. ஒத்தக்கடை தாண்டும்போது இடப்பக்கம் யானைமலை முழுதாகத் தெரிந்தது. 2010இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக மாற்றப்போவதாகப் பேச்சு எழுந்து, சுற்றியுள்ள ஊர்மக்கள் எதிர்த்து நின்று மலையைக் காப்பாற்றினார்கள். அந்த எழுச்சியிலிருந்துதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடை என்ற அமைப்பு பிறந்தது. மலைகளை நடந்துபோய்ப் பார்க்கும் பழக்கத்தை மதுரைக்காரர்களுக்கு ஏற்படுத்தியவர்கள் அவர்கள். மேலூரில் இறங்கி, காத்திருந்து, அரிட்டாபட்டிப் பஸ்ஸைப் பிடித்தோம்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமுமாகச் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். தொடர்ச்சியாக ஏழு குன்றுகள். அவற்றிலிருந்து வழியும் மழைநீரைப் பிடிக்கச் சுனைகளும் கண்மாய்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் ஆனைகொண்டான் ஏரி இவற்றில் ஒன்று. புல்கூட முளைக்காத மொட்டைப் பாறைதானே என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். அந்த மொட்டைப் பாறைதான் பெய்கிற மழையைச் சிந்தாமல் கண்மாய்க்கு அனுப்புகிறது. ஒருபோகப் பூமியில் அந்தத் தண்ணீர் இல்லையென்றால் அந்த ஒரு போகமும் இல்லை.

கண்மாய்க்கரையில் நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு பறவை சிறகை அசைக்காமல் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ராஜாளி. அந்தப் பாறை இடுக்கில் கூடு இருக்கிறது, சத்தம் போடாமல் போங்கள்" என்றார். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளி மூன்றும் வாழும் மலை இது. தேவாங்கும் அலுங்கும்கூட இருக்கின்றன. அவை எங்கள் கண்ணில் படவில்லை.

இந்தக் குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையின் குகைத்தளத்தில் தமிழிக் கல்வெட்டுகள் இரண்டு. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரும் இலஞ்சி வேளின் வழிவந்த ஒருவரும் இந்தக் குகையைச் செய்து கொடுத்ததாகச் சொல்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தெற்கே இருந்து இவ்வளவு தூரம் வந்து, துறவிகள் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். அருகில் பாறை முகத்தில் தீர்த்தங்கரர். கீழே இருக்கும் வட்டெழுத்தில் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. "குணமதி அம்மாளின் மகன்" என்றார்கள் மதினி உடனே. மலைக்கு அந்தப் பக்கம் இடைச்சி மண்டபம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் குடைவரைச் சிவன் கோயில். முற்காலப் பாண்டியர் காலத்தது. வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் பாசுபத சைவத்தின் குருவான இலகுலீசர். இலகுலீசரைத் தமிழ்நாட்டில் காண்பது அபூர்வம்.

இவ்வளவும் போயிருக்கும். 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்திருந்தது. ஊர் ஊராகத் திரண்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியது. ஜனவரியில் விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நடையில் தானும் போனதாகப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காள் சொன்னார். நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டுகிறவர். "கால் வீங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கு யாரும் என்னை எதற்குப் போகிறாய் என்று கேட்கவில்லை" என்றார். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அவரும் எங்களைக் கேட்கவில்லை. ராஜாளியைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்டார். பார்த்தோம் என்றதும் அவர் முகத்தில் வந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. மேலூர் வரை அந்த அக்காளும் எங்களோடு வந்தார்.

அடுத்தது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர், கபிலரும் அங்கே பிறந்தவர் என்று சொல்வார்கள். மேலூரில் இறங்கியபோதே காலை பஸ்ஸின் நேரத்தை விசாரித்து வைத்துவிட்டோம். மதினியின் சம்பந்தியம்மாளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி. அதனால் மலையேறாமல், கோயிலையும் கண்மாயையும் மட்டும் மெதுவாகச் சுற்றிவருவதாகத் திட்டம்.